வட்டத்துக்கு ஒரு சிவப்பு

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம், ஆலங்கரை கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதை எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். நீளமான தகர மேசை. அதன் தலைமாட்டில், வாசலைப் பார்த்தபடி, சந்தனமாரி. முப்பது வருஷம் அழகு நிலையம் நடத்தியவள். யார் உள்ளே வந்தாலும் முதலில் அவர்களுடைய புருவத்தைத்தான் பார்ப்பாள். அவளுக்கு வலப்பக்கம் சாகுல் அமீது. லாரி ஓட்டியவர், காது சற்று மந்தமாதலால் பேச்சு அதிகம் வரும் இடமாகப் பார்த்து உட்காருவார். அவருக்கு எதிரே கோமதி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கோமதிக்கு அடுத்து, சுவரில் சாய்ந்தபடி, ஜெபராஜ். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். அந்த வேலையைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொண்டபின் ஊருக்கு வந்தவர். மேசையின் இந்தக் கோடியில் நான், நம்பிராஜன். நூற்பாலை அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருந்தேன். வட்டத்துக்குச் செயலாளர்.

மெர்லின் உட்காரவில்லை. முதியோர் உறவுத் திட்டத்தில் எங்கள் வட்டத்தைக் கவனிக்கும் பெண் அவள். நின்றுகொண்டே கைப்பலகையின் திரையைப் பிரித்தாள்.

“எல்லாருக்கும் வாழ்த்துகள். மூணு காலாண்டா நீங்க எல்லாருமே பச்சை. மாவட்டத்துலயே நம்ம வட்டம்தான் முதல்.”

சாகுல் கைதட்டத் தொடங்கினார். சந்தனமாரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பொறுங்கண்ணே. பிள்ள மொகத்தப் பாருங்க. வாழ்த்து சொல்லுத மொகமா அது?”

“அதனால…” என்றாள் மெர்லின். “இந்தக் காலாண்டுக் கடைசியோட வட்டத்த முடிச்சிரலாம்னு ஆர்டர் வந்திருக்கு ஆன்ட்டி.”

“முடிக்கதுன்னா?”

“வேன் வராது. மண்டபம் கெடையாது. டீ கெடையாது. நானும் வர மாட்டேன். நீங்கள்லாம் குணமாயிட்டீங்க. இந்த எடம் இனிமே வேற ஊர்ல செவப்பா இருக்கறவங்களுக்குப் போகும்.”

எங்கள் ஐந்து பேர் மணிக்கட்டிலும் காப்பு இருந்தது. திட்டத்தின் தாள்களில் அதற்கு வேறு பெயர். ஊரில் எல்லோரும் காப்பு என்றுதான் சொன்னார்கள். வட்டத்தில் சேர்ந்த அன்றைக்கு மாட்டிவிடுவார்கள். சர்க்கரை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பதுபோல, ஆள் எவ்வளவு தனியாக இருக்கிறார் என்று அது பார்க்கும். பச்சை என்றால் பாதகமில்லை. மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் ஆபத்து. சேரும்போது நாங்கள் எல்லோருமே சிவப்பு. ஜெபராஜ், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் உயிரை விடப் பார்த்து, பக்கத்து வீட்டார் கதவை உடைத்ததால் பிழைத்திருந்தார். முதல் பத்துக் கூட்டங்களில் அவர் வாய் திறக்கவில்லை. பதினோராவதில், டீயில் சர்க்கரை இல்லை என்றார். அன்றைக்குச் சந்தனமாரி எழுந்து மண்டபத்தைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினாள்.

அந்த ஜெபராஜ்தான் இப்போது கேட்டார்.

“மருந்து தின்னு நோய் போச்சுன்னா மருந்த நிறுத்தலாம், சரி. சோறு தின்னு பசி அடங்குச்சுன்னா, சோத்த நிறுத்துவீங்களாம்மா?”

மெர்லின் கைப்பலகையை மடக்கினாள். சின்னப் பெண், ஆர்டரை எழுதியவளும் அவளல்ல.

“வேனும் வேண்டாம், டீயும் வேண்டாம். நாமளே கூடிக்கிட்டா என்ன?” என்றாள் கோமதி.

அது ஆகிற காரியமில்லை என்று அவளுக்கே தெரியும். வெயில் தடை வந்ததிலிருந்து அறுபத்தைந்து தாண்டியவர்கள் பகலில் குளிர்வேனில் தவிர வெளியே நடமாடக் கூடாது. சட்டம் விட்டாலும் வெயில் விடாது. போன வருஷம் மட்டும் எங்கள் வார்டில் மூன்று பேர் தெருவிலேயே விழுந்தார்கள். சாயங்காலம் சூடு தணிந்தபின் இந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு யார் யார் வீட்டுக்கு நடப்பது? போன தீபாவளிக்கு என் வீட்டில் கூடுவதாகச் சொன்னோம். வந்தது சந்தனமாரி ஒருத்தி.

“ஒரே ஒரு வழி இருக்கு,” என்றாள் மெர்லின், குரலைத் தாழ்த்தி. “வட்டத்துல ஒருத்தர் செவப்பா இருந்தாலும் வட்டம் நீளும். அவங்க எதுவரைக்கும் செவப்போ அதுவரைக்கும். விதி அப்படி. ஆனா நீங்கதான் யாருமே செவப்பு இல்லையே.”

வேன் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். நாங்கள் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் முழுக்க ஏமாற்றப் பார்த்தோம். சாகுல் வீட்டில் யாருடனும் பேசாமல் தலையோடு கால் போர்த்திக்கொண்டு படுத்தார். நாலு நாள் கழித்துப் பார்த்தால், முன்னைவிட நல்ல பச்சை.

“எனக்குச் சொகமா இருந்துச்சு, என்ன செய்ய?” என்றார். “மருமக தெனம் வந்து நெத்தியத் தொட்டுப் பாத்தா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எம்பெண்டாட்டி பாத்ததில்ல அப்பிடி.”

கோமதி அழுகைத் தொடராகப் பார்த்துத் தீர்த்தாள். பச்சை. நான் சாப்பாட்டைக் குறைத்தேன். வயிறுதான் வலித்தது.

அந்த வாரக் கூட்டத்தில் எதையும் தெரியாதவன்போல மெர்லினிடம் கேட்டேன், இந்தக் காப்பு எதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது என்று.

“நீங்க பேசறத அது பெருசா எடுத்துக்காது சார், வார்த்தையச் சேத்தும் வைக்காது. நீங்க சுவத்தோட கூடப் பேசலாமே. உங்களை ஒருத்தர் கூப்பிடறாங்களான்னு பாக்கும். கூப்பிட்டவுடனே நாடி எப்படி ஓடுது, பதில் சொல்ற குரல் எப்படி, அன்னிக்கு எப்படித் தூங்குனீங்க, எல்லாம் சேத்துதான் நெறம். நடிச்சா தெரிஞ்சிரும் சார். மனசு நடிச்சாலும் ரத்தம் நடிக்காது.”

அவள் டீ எடுத்துவரப் போனதும் கோமதி சொன்னாள்: “அப்பம் நெசமாவே ஒருத்தரு தனியாகணும்.”

மனசுக்குள் எண்ணிப் பார்த்தோம். கோமதியின் வீட்டில் மகனும் மருமகளும். சாகுல் வீட்டில் பன்னிரண்டு பேர். தனியாக இருப்பவர்கள் ஜெபராஜ், சந்தனமாரி, நான். ஜெபராஜை அந்தப் பக்கம் திருப்பி அனுப்புவதாவது? மற்றவர்கள் என்னையும் சந்தனமாரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

“அண்ணாச்சி தாங்கமாட்டாவ,” என்று சந்தனமாரி சிரித்தாள். “நான் தாங்குவேன். ஆளில்லாத மத்தியானத்துல கண்ணாடி கூடயே பேசிப் பொழுத ஓட்டுனவ நான். எம்மேல காய் விட்டிருங்க எல்லாரும். பள்ளிக்கூடத்துல விட்ட மாதிரி.”

“வெளையாட்டா இருக்கா உனக்கு?” என்றார் ஜெபராஜ்.

“வெளையாட்டுதான். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. செவப்பு வந்து ஆர்டர் வாங்குன அன்னைக்கே எல்லாருமா வந்து பழம் விடணும். அல்வாவோட வரணும், சொல்லிட்டேன். நாலு பேருக்குச் சேத்து நான் ஒருத்தி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கேன், போங்க.”

சுண்டுவிரலை நீட்டினாள். சாகுல் தட்டினார், கோமதி தட்டினாள், நான் தட்டினேன். ஜெபராஜ் கையை நீட்டவில்லை. அவளே எழுந்துபோய், மடியில் கிடந்த அவர் விரலை எடுத்துத் தன் விரலில் தட்டிக்கொண்டாள். மெர்லினிடமோ வெளியே யாரிடமுமோ மூச்சு விடக் கூடாது என்று ஒரு தீர்மானம். எழுத்தில் வைக்கவில்லை.

எங்கள் ஊரில் பேசாமல் இருப்பதற்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுக்காமல் வாசல் படியில் வைத்துவிட்டுப் போனார்கள் என்பதற்காக, ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருபது வருஷம் பேசாமல் வாழ்ந்த அண்ணன் தம்பிகள் இங்கே உண்டு. எதிரே வரும் ஆளை, அங்கே ஆளே இல்லாததுபோலத் தாண்டிப் போவோம். அவருக்குக் கேட்க வேண்டியதைப் பக்கத்திலிருக்கும் கம்பத்திடம் சொல்லுவோம். அப்படிப்பட்ட கைகளில்தான் அவள் தன்னைக் கொடுத்தாள்.

முதல் வாரம் காப்பு அசையவில்லை. ஊரே இருந்ததே அவளோடு பேச. இட்லிக் கடைக்காரி, பூக்காரி, மாடியில் குடியிருக்கும் டீச்சர். மெர்லின் வீட்டுக்கே போய், ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று கேட்டாள். வட்டத்தை முடிக்கப்போகிறார்களே, அதில் மனசு விட்டுப்போச்சு என்று சந்தனமாரி பதில் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது பச்சை.

அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. கோயில் நடையில் வைத்து டீச்சர் கோமதியிடம் கேட்டிருக்கிறாள்: “என்ன மைனி, நீங்களும் சந்தனத்தக்காவும் பேசிக்கிடதில்லையாமே? அக்கா என்ன செஞ்சாவ?” கோமதி தப்பித்துக்கொள்வதற்காக, “அத ஏன் கேக்கிய?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வேறு ஊராயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆலங்கரையில் ‘அத ஏன் கேக்கிய’ என்றால், வாயால் சொல்ல முடியாத ஒன்றைச் செய்துவிட்டாள் என்று பொருள். என்னது என்பதை அவரவர் நிரப்பிக்கொள்வார்கள்.

நிரப்பிக்கொண்டார்கள். வட்டத்தை மூடச்சொல்லி மேலிடத்துக்குப் போட்டுக்கொடுத்ததே அவள்தான் என்றார்கள் சிலர். ஜெபராஜையும் அவளையும் சேர்த்து வேறு மாதிரியும் பேசினார்கள். இட்லிக் கடைக்காரி பொட்டலத்தை நீட்டுவாள், வாயைத் திறக்கமாட்டாள். பூக்காரி அந்த வாசலைத் தாண்டிப் போனபின்தான் குரல் கொடுப்பாள். எங்களால் அதை மறுக்க முடியவில்லை. மறுத்தால் ஏன் பேசவில்லை என்று கேட்பார்களே. ஒன்றரை மாதத்தில் காப்பு மஞ்சளானது.

நோன்பு மாதம் வந்தது. வருஷா வருஷம் சாகுல் வீட்டிலிருந்து அவளுக்குக் கஞ்சி போகும். அந்த வருஷமும் ஒரு சாயங்காலம் அவரே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய், “தங்கச்சி!” என்று வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டார். ஒரே ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் மெர்லின் சந்தோஷமாகச் சொன்னாள், சந்தனம் ஆன்ட்டிக்கு நல்ல முன்னேற்றம், பச்சைக்குத் திரும்பியாச்சு என்று.

அவள் போனபிறகு கோமதி சாகுலைப் பிடித்துக்கொண்டாள்.

“அறிவிருக்கா உமக்கு? அவ அத்தன நாளு பட்டதெல்லாம் ஒரு சட்டிக் கஞ்சியில போச்சு. இனிம மொதல்ல இருந்து படணும் அவ. உம்ம பாசத்துக்கு வெல யாரு குடுக்கா?”

“கதவத் தொறந்தவொடன சிரிச்சா கோமதி,” என்றார் சாகுல். “அந்தச் சிரிப்ப நீ பாக்கலியே.”

“பாக்க வேண்டாம்னுதான சொல்லுதேன்!”

காலாண்டு முடிவும் வந்தது. எங்கள் நல்லகாலம், வேறு ஊருக்கு வேன் ஒதுக்குவது தாமதமாகி, மெர்லின் கேட்டுக்கொண்டதில் கொஞ்ச நாள் தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வட்டம் அவ்வளவு களையாக அதற்கு முன் இருந்ததில்லை. பேச விஷயம் இருந்தது. அவள் இன்றைக்கு வாசலில் நின்றாளா, எந்தச் சேலை, யார் பக்கம் பார்த்தாள் என்று ஒவ்வொருவரும் ஒரு சேதி கொண்டுவந்தோம். ஒருவரை ஒருவர் காவல் காத்தோம். காவல் காத்ததில் நெருங்கிப்போனோம். சாகுல்கூடக் கோமதியோடு சமாதானமாகி, பள்ளிவாசலுக்குத் தெருவைச் சுற்றிப் போனால் அவள் வீட்டைத் தவிர்க்கலாம் என்று வழி கண்டுபிடித்துச் சொன்னார். எங்கள் நாலு பேர் காப்புகளும் தளிர்போல மின்னின. ஜெபராஜ் மட்டும் அதைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்.

சிவப்பு வந்த அன்றைக்கு மெர்லின் அழுதுகொண்டே வந்தாள்.

“எங்க தப்பு சார். முடிக்கப்போறோம்னு சொன்னதே அவங்கள இப்படி ஆக்கிருச்சு. அடர்செவப்பு. நான் ஆபீஸ்ல சண்ட போட்டேன். வட்டத்த நீட்டிட்டாங்க. ஆனா அதுல என்ன சந்தோஷம் இருக்கு?”

கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மெர்லின் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, “அழாதீங்க ஆன்ட்டி” என்றாள். கோமதி அழவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சொன்னபடி அல்வா வாங்கினோம். வேனை அவள் தெருவுக்கு விடச் சொல்லி, நாலு பேரும் போய் இறங்கினோம். கதவு சாத்தியிருந்தது. சாகுல் தட்டினார். வெகுநேரம் கழித்துத் திறந்தாள். தலை வாராமல் இருந்தாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புருவத்தைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள்.

“வாங்க,” என்றாள். கரண்ட் மீட்டர் பார்க்க வருபவரிடம் சொல்வதுபோல இருந்தது.

“ஜெயிச்சிட்ட பிள்ள!” என்று கோமதி விரலை நீட்டினாள். “ஆர்டர் வந்தாச்சு. பழம் விடு.”

சந்தனமாரி அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: “எம்மேல என்ன குத்தம்னு சொல்லிக்கிடுதாவ ஊர்ல?”

“குத்தமா? ஒண்ணும் கெடையாது சந்தனம். நம்ம பேசி வச்சுக்கிட்டதுதான?” என்றேன்.

“எனக்கும் அது தெரியும் அண்ணாச்சி. மொத மாசம் தெனம் அதத்தான் சொல்லிக்கிட்டேன். பேசி வச்சுக்கிட்டதுதான், பேசி வச்சுக்கிட்டதுதான்னு. அப்புறம் பூக்காரியும் பேசல. மாடி டீச்சரும் பேசல. அவாட்ட நம்ம பேசி வச்சுக்கிடலியே. அப்பம் நெசமாவே நாம என்னமோ செஞ்சிருக்கோம் போலன்னு யோசிச்சேன். யோசிச்சா நெறைய கெடைக்கி. புருஷன் கடைசில ஒரு வாய் காபி கேட்டதுக்குக் குடுக்காம ஏசினது. கடையில வேல பாத்த பிள்ளைய அழ வச்சு அனுப்பினது. எல்லாம் ஒண்ணொண்ணா வருது. இதுக்குத்தான் பேசமாட்டேங்காவன்னு தோணிப்போச்சு.”

“தங்கச்சி, அதெல்லாம் நடிப்பும்மா,” என்றார் சாகுல்.

“நல்லா நடிச்சியண்ணே. நீங்க தெருவச் சுத்திப் போனத மொட்டமாடியில நின்னு பாத்தேன். நடிப்பு மாதிரியே தெரியல.”

அல்வாவை வாங்கி மேசையில் வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. நாங்கள் வாசல்படி இறங்கி வரும்போது கடைசியாக வந்த ஜெபராஜ் என்னவோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

அவள் பிறகு வட்டத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் போய்க் கூப்பிட்டோம். ஊரில் கோமதியே வலியப் போய், சந்தனம் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். ‘பாவம், பெரிய மனசு’ என்று கோமதியைத்தான் புகழ்ந்தார்கள். மெர்லின் வாராவாரம் அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். காப்பு சிவப்பாகவே இருந்தது. வேன் வந்தது, மண்டபம் திறந்தது, டீ வந்தது. நாங்கள் அவளைப் போய்ப் பார்ப்பது வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று குறைந்து நின்றது. முழங்கால்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டோம். அவள் பச்சையானால் வேன் நின்றுவிடும் என்பதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கவினிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சந்தனமாரியின் ஒரே மகன், நார்வேயில் இருக்கிறான். தாளில் கடிதம் எழுதும் வழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. ஃபோனில் நீங்கள் சொல்வதை விசாவுக்குக் காட்ட முடியாது, அதனால் தாளில் எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தான். அம்மா ஃபோனில் பேச்சைக் குறைத்துவிட்டாள். வருகிறாயா என்று கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்கிறாள். அங்கே விசா கொடுப்பவர்கள், ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ‘மாமா, நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அங்கே யாரும் இல்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த மாதமே வந்து கூட்டிக்கொண்டுபோகிறேன். நல்லபடி இருக்கிறாள் என்றால் அவள் பழகிய ஊரிலிருந்து அவளைப் பிடுங்க எனக்கு மனமில்லை.’

கூட்டத்தில் அதை வாசித்தேன். மெர்லின் சந்தனமாரி வீட்டுக்குப் போயிருந்த நேரம்.

“அவன் கூட்டிட்டுப் போயிட்டா?” என்றார் சாகுல்.

“செவப்பும் கூடப் போகும்,” என்றாள் கோமதி.

அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை யாரிடம் போய் விரலை நீட்டுவது? கோமதி சேலை நுனியை முறுக்கினாள்.

“அங்க குளிரு. பாஷை தெரியாது. பனிக்குள்ள ஒரு ரூம்ல போட்டு அடைப்பான். இங்கன்னா சொந்த வீடு. நாம இருக்கோம்லா,” என்றாள்.

“நாம இருக்கோமா?” என்றார் ஜெபராஜ்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். அவர் அந்த மாதங்களில் அவ்வளவாகப் பேசியதில்லை.

“கூட்டிட்டுப் போகச் சொல்லி எழுதுங்க அண்ணாச்சி. மகன் வாயால அம்மான்னு ஒரு தடவ கூப்பிட்டா அங்கயே பச்சையாயிருவா. வட்டம் போனாப் போகுது. எனக்கு வேண்டாம் இந்த டீ.”

“நீங்க பேசாதீங்க ஜெபராஜ்,” என்றாள் கோமதி. “உங்களுக்காவத்தான் இது பூரா. வேன் நின்னு ஒரு மாசத்துல நீங்க என்ன ஆவியன்னு எனக்குத் தெரியும். இப்பிடி மூக்குல குழாயோட கெடந்தவுக எத்தன பேரு பக்கத்துல நின்னவ நான்.”

“எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் கேக்கவே இல்ல.”

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கோமதி டம்ளரைப் பார்த்தாள். சாகுல் வாசலைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நாங்கள் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஜெபராஜ் இன்னொரு முறை, “கோமதி,” என்று கூப்பிட்டார். பிறகு, “பாய்,” என்றார். பிறகு என்னை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சட்டைக் கைக்குள்ளிருந்து காப்பின் வெளிச்சம் துணி வழியாகத் தெரிந்தது. மஞ்சளுக்கு வந்திருந்தது. அவர் அதை மற்றக் கையால் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார்.

“எழுதுங்க,” என்றார். “எங்க கையெழுத்து போடணும்?”

“சக்கரை போதுமா ஜெபராஜ், டீயில?” என்று கோமதி உடனே கேட்டாள். குரலில் அவ்வளவு கனிவு.

கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதி அடித்து எழுதும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

‘அன்புள்ள கவினுக்கு, ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மா சொந்த வீட்டில், சொந்த ஊரில் இருக்கிறாள். உடம்புக்குக் குறைவில்லை. திட்டத்திலிருந்து வாரந்தோறும் ஒரு பெண் வந்து ஒரு மணி நேரம் உடனிருக்கிறாள். எங்கள் வட்டத்தில் அவளைப் பற்றிப் பேசாத கூட்டம் கிடையாது. உண்மையைச் சொன்னால், இந்த வட்டம் இன்று நடப்பதே உன் அம்மாவால்தான். அவள் இங்கே இருப்பது எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு பெரிய பலம் என்று எழுத்தில் சொல்ல முடியாது. அவளை நாங்கள் விடமாட்டோம். நீ கவலைப்படாமல் வேலையைப் பார்.’

உரக்க வாசித்தேன். பொய்யென்று சுட்டிக்காட்ட அதில் ஒரு வரிகூடக் கிடையாது. சாகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கோமதி போட்டாள். ஜெபராஜ் பெயரை எழுதிவிட்டு, பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். கடைசியில் என் கையெழுத்து, அதன் கீழே ‘செயலாளர்’ என்று.

தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டேன். சமையலறையிலிருந்து இரண்டு பருக்கை சோறு வாங்கிவரச் சொல்லி, அதைத் தேய்த்து உறையின் வாயை ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். வேன் வந்ததும் ஓட்டுநரிடம் கொடுத்து, போகிற வழியில் தபாலாபீசில் சேர்க்கச் சொன்னேன். அவர் முகவரியைப் பார்த்துவிட்டு, கசங்காமல் இருக்கட்டும் என்று சட்டைப் பைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.